கிளி தன் சொல்லை விட்ட கதை

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, வீட்டில் கிளி வளர்ப்பது வெகு சுலபம். "தண்ணீர் பழசாகிவிட்டது, மாற்று" என்று கிளியே சொல்லும். "நகம் வளர்ந்து துணியில் மாட்டுகிறது, தேய்த்துவிடு" என்று காலை நீட்டும். வயிறு சரியில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லும்.

செங்காணி நெல் அவித்துக் கொடுத்துப் பிழைத்தவள். தனிக்கட்டை. வஞ்சி என்ற கிளிதான் அவளுக்குத் துணை. கூண்டு கிடையாது, வீடெங்கும் பறந்து திரியும்.

ஒருநாள் காலையில் வஞ்சி, நெல் கொதிக்கிற கொப்பரைக்கு மேலே பறந்துவிட்டது. ஆவி முகத்தில் அடிக்க, தடுமாறி விளிம்போரம் விழுந்து, மயிரிழையில் தப்பியது. செங்காணி உள்ளே ஓடிக் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

"உன் சிறகைக் குறைத்துவிடுகிறேன். அப்புறம் அடுப்புப் பக்கம் எப்படிப் பறக்கிறாய் என்று பார்க்கிறேன்."

"குறைத்துக்கொள் அக்கா. ஆனால் இப்போது வேண்டாம். பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற நேரம். முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடுகிறது. அது வற்றி இறகு முற்றட்டும், பொறு."

"இறகுக்குள் ரத்தமா? தப்பிக்க நல்ல கதை கட்டுகிறாய்!"

"என்றைக்காவது உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேனா?"

சொன்னதில்லைதான். ஆனால் கொப்பரைக்குள் விழுந்திருந்தால் என்ற பயம் செங்காணியின் காதை அடைத்திருந்தது. சிறகை இழுத்து விரித்தாள். நறுக்.

ரத்தம் பீறிட்டது.

செங்காணியின் கையில் முழங்கைவரை சிவப்பு. இத்தனூண்டு உடம்பில் இவ்வளவு ரத்தமா! அரிசிமாவை அள்ளிவந்து வெட்டுவாயில் வைத்து அழுத்தினாள். மாவு சிவந்தது. இன்னொரு பிடி வைத்தாள். அதுவும் சிவந்தது. கொப்பரையில் நெல் தீய்ந்து புகைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிப்பொழுதில்தான் ரத்தம் நின்றது.

வஞ்சி மெல்லக் கண் திறந்தது.

"ஐயோ, வஞ்சி! வலிக்கிறதா?"

வஞ்சி அவளையே பார்த்தது. பிறகு, அச்சு அசலாக அவள் குரலிலேயே, "ஐயோ, வஞ்சி! வலிக்கிறதா?" என்றது.

செங்காணி அதை அள்ளி முகத்தருகே கொண்டுவந்தாள். "என்னைத் திட்டு, கண்ணே. ஏதாவது சொல்லு!"

"ஏதாவது சொல்லு" என்றது வஞ்சி.

காயம் ஆறியது. இறகும் வளர்ந்தது. வஞ்சி அவள் தோளில் உட்கார்ந்தது, அவள் கையால் பழம் தின்றது. தன் சொல் என்று ஒன்றைக்கூட அதன்பின் பேசவில்லை. செய்தி மற்றக் கிளிகளுக்கும் எட்டியது. சொல்லியும் கேட்காதவர்களிடம் எதற்குச் சொல்வது என்று அவையும் பேச்சை விட்டன.

அன்று முதல்தான் கிளி நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது. எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் சொல்வதே இல்லை. வளர்ப்பவர்கள்தான் தினம் தினம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.