கழுவிய ஜாடி

"அம்மா, ஒரு பொருளைப் பத்திப் பொய் எழுதி விக்கிறது பெரிய தப்பா?" என்று கேட்டார் சவரிராயன்.

ஞானசௌந்தரி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யார் விக்கிறாங்க?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

"அவரை வரச் சொல்லுங்க."

சவரிராயன் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட் வரை போனார். கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"வந்துட்டேன்மா."

"உக்காருங்க."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. புதுச்சேரியில் பழம்பொருள் வியாபாரம். கடைக்கு வருகிறவர்களைவிட, இணையத்தில் அவர் போடும் படங்களைப் பார்த்து வாங்கும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களே அதிகம். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்து, ஊருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் தனியாக இருந்தார். யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். சவரிராயன் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் வருகிறார்.

"பொருள் எங்கே?"

"கார்ல இருக்கு."

எடுத்து வந்தார். பஞ்சைப் பிரித்ததும் ஒரு சிறிய ஜாடி. ஒரு சாண் உயரம்கூட இல்லை. பளபளக்கும் கறுப்பு. வயிற்றுப் பக்கத்தில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு படம்: கொழுகொழுவென்று ஒரு குழந்தை, மார்பில் தாயத்துக் கயிறு, ஒரு பொம்மை வண்டியை நோக்கித் தவழ்கிறது.

"கிரேக்க நாட்டு ஜாடிமா. ரெண்டாயிரத்து நானூறு வருஷம் ஆச்சு."

"என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

சவரிராயன் போனை எடுத்துப் படித்தார். "பண்டைய கிரேக்க ஓவிய ஜாடி. ஏதென்ஸ் பாணி. கைப்பிடி முழுமை. விளிம்பில் மயிரிழை விரிசல் ஒன்று. ஐரோப்பியக் குடும்பம் ஒன்றின் எழுபது ஆண்டுச் சேகரிப்பிலிருந்து."

"எந்தக் குடும்பம்?"

சவரிராயன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அடிச்சிட்டு எழுதுங்க."

ஒரு தாள் வாங்கி எழுதினார். படித்தார். "சரக்குக் கப்பலில் வேலை செய்யும் ஒருவரிடம் போன மாதம் வாங்கியது. ஜாடிக்குள் மண் இருந்தது. மண் ஈரமாக இருந்தது."

"எந்த மண்ணு?"

"தோண்டின மண்ணுமா."

"எங்கே தோண்டினது?"

அவர் ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் காலத்துல ஏதென்ஸ்ல ஒரு திருவிழா. குழந்தைக்கு மூணு வயசானா தலையில பூ வச்சு, இந்த மாதிரி ஒரு குட்டி ஜாடி கையில கொடுப்பாங்களாம். மூணு வயசுக்குள்ளயே செத்துப்போன குழந்தைங்களும் உண்டு. அந்தக் குழந்தைங்களோட குழியில இதை வச்சிருக்காங்க."

"இதுவும் அப்படி வச்சதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீரை ஆயும் சத்தம் நின்றுவிட்டது.

"மண்ணுல பல் இருந்துச்சும்மா."

"எத்தனை?"

"மூணு. பால்பல்லு. அரிசி மாதிரி இருந்துச்சு."

"எங்கே?"

சவரிராயன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"கழுவிட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். உள்ளங்கையில வச்சுப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் குழாயைத் திறந்தேன். பல்லு இருக்குன்னா கல்லறைப் பொருள்னு தெரிஞ்சிடும். யாரும் வாங்க மாட்டாங்க."

குப்பத்தில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அம்மா தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

எழுதினார். அதை அப்படியே, தன் பெயரோடு, இணையத்தில் போட்டார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

அம்மா கீரைக்குத் திரும்பினார். சவரிராயன் ஜாடியைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வந்தார். சவரம் செய்யாத முகம். மடியில் ஜாடி.

"வாங்கிட்டிருந்தவங்க எல்லாம் போயிட்டாங்கம்மா. இருபது வருஷமா என்கிட்ட வாங்கினவர், இனிமே கடிதம் போடாதேன்னு ஒரே வரி எழுதினார். இன்னொருத்தர் திருடன்னு எழுதினார்."

"சரி."

"அதைத் தாங்கிக்கிட்டேன். நியாயமாப் பட்டுச்சு."

"பிறகு என்ன?"

"ஒருத்தர் மட்டும் வாங்கிக்கறேன்னு எழுதினார். நான் போட்ட விலையைவிட ரெண்டு மடங்கு தர்றேன்னார். இந்த மாதிரிக் கதை உள்ள ஜாடி வேற யார்கிட்டயும் இல்லையாம்."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியா இன்னொண்ணு எழுதியிருந்தார். அந்தப் பற்களும் கூட இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமாம்."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"திட்டி எழுதினேன். நீயெல்லாம் மனுஷனான்னு எழுதினேன்."

"அனுப்பினீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

சவரிராயன் ஜாடியைக் கீழே வைத்தார். மடியில் எதுவும் இல்லாமல் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.

"அதைப் படிச்சப்ப, ஒரு நொடிதாம்மா, அடடா கழுவாம வச்சிருக்கலாமேன்னு நெனச்சேன். பாவம் அந்தக் குழந்தைன்னு இல்லை. அந்த விலைக்காக நெனச்சேன்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது ஆள் அழும்போது வரும் சத்தம் நன்றாக இருக்காது. அம்மா எழுந்து போகவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. தோளைத் தொடவும் இல்லை.

பிறகு சவரிராயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வெட்கம் எப்பம்மா போகும்?"

"அது இருக்கட்டும். ஜாடி யாருது?"

"நான்தான் வாங்கினேன்…"

"யாருதுன்னு கேட்டேன்."

முப்பது வருடமாகச் சவரிராயன் வியாபாரம் செய்கிறார். யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போகிறது என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவர் ஜாடியைப் பார்த்தார். தவழும் குழந்தை இன்னும் வண்டியைத் தொடவில்லை.

"அந்தப் பிள்ளையோடது," என்றார்.

அம்மா கீரைக்கட்டைப் பிரித்தார்.

"டெல்லியில கிரேக்க நாட்டுத் தூதரகம் இருக்கும்மா. எல்லாத்தையும் விவரமா எழுதி, பத்திரமாப் பெட்டி கட்டி, கூரியர்ல அனுப்பிடறேன். திங்கட்கிழமையே."

"நேர்ல போங்க."

"எழுத்துல எல்லாமே இருக்கும்மா. ஒண்ணையும் மறைக்க மாட்டேன்."

"நேர்ல."

அவர் போனார். ரயிலில் இரண்டு இரவும் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் இருக்கைப் பெண்மணி, உள்ளே சாமி சிலையா என்று கேட்டார். இல்லை என்றார்.

தூதரகத்தில் ஒரு மேசைக்கு முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஜாடியை இரண்டு கைகளாலும் எடுத்தார். குழந்தையைப் பார்த்ததும் தன் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னார். சவரிராயனுக்கு அது புரியவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் குழந்தையைப் பார்த்து அந்தக் குரலில்தான் அப்படி ஒரு சொல் சொல்வார்கள் என்று தெரிந்தது.

அதிகாரி ஜாடியை மெதுவாகச் சாய்த்து உள்ளே பார்த்தார். சுத்தமாக இருந்தது.

சவரிராயன் தான் எழுதி வந்த தாள்களை நீட்டினார். அவர் அவற்றை வாங்கி, படிக்காமல் மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில், அன்பாகத்தான் கேட்டார்.

"இதற்குள் ஏதாவது இருந்ததா?"

தாளைக் காட்டலாம் என்று சவரிராயனின் கை நகர்ந்தது. பாதியில் நின்றது.

அவர் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்தது," என்றார்.