ஆறுவிழுங்கி சாகாத சுவர்

பிச்சாண்டி கோபக்காரர். சோற்றில் கல் கடித்தால் அந்த நெல் விளைந்த வயலையே திட்டுகிற கோபம் அவருடையது.

அவர் ஓவியம் கற்றது செங்கமலத்தம்மையிடம். அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஆசான் ஆசான்தான். பிச்சாண்டி "அம்மா" என்பார், அம்மை "நீர்" என்பார்.

மலையடிவாரத்துச் சத்திரத்தின் நீளச் சுவரை அம்மை அவரிடம் ஒப்படைத்தார். பிச்சாண்டிக்கென்று கிடைத்த முதல் சுவர் அது. கதையும் அவரே கட்டியது. யாரும் கேள்விப்படாத ஒரு நாடு. அங்கே வீடுகள் மேகத்தில் குளவிக்கூடு மாதிரி தொங்கும். ஜனங்கள் சிறகு முளைத்த மீன்மேல் ஏறிச் சந்தைக்குப் போவார்கள். வானத்தில் ஓர் ஆறு ஓடும். அந்த ஆற்றை ஆறுவிழுங்கி என்ற அரக்கன் ஒரே மடக்கில் குடித்துவிடுகிறான். வெண்சுடரன் என்ற வீரன் அவன் வயிற்றைக் கிழித்து ஆற்றை மீட்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

சுவர் நல்லபடி முடிந்தால் பிச்சாண்டி தனியாக வேலை எடுக்கலாம். முடியாவிட்டால் அதன்மேல் சுண்ணாம்பு. அம்மை அதில் தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

முடிய வேண்டிய கதை முடிகிற வழியாக இல்லை. வெண்சுடரன் வாளை ஓங்கினால் அரக்கன் குகைக்குள் ஓடினான். குகையை அடைத்தால் புகையாகி வெளியே வந்தான். கட்டம் கட்டமாகச் சுவர் தீர்ந்துகொண்டே போய், கடைசியில் ஒரு கட்டத்துக்குத்தான் இடம் மிச்சம்.

சத்திரத்தில் தங்க வந்த யாத்திரிகர் ஒருவர் கேட்டார்.

"என்னய்யா, இவன் இன்னுமா சாகலை?"

"உன்னைக் கேட்டுத்தான் எழுதணுமா? வந்தோமா, சாப்பிட்டோமான்னு நடையைக் கட்டு," என்று எரிந்து விழுந்தார் பிச்சாண்டி.

மறுநாள் காலை அம்மை வந்தார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எதிர்ச்சுவரையும் கொடுங்கள் அம்மா. கதை இன்னும் இருக்கிறது."

"கிடையாது."

"ஏன்?"

அம்மை முற்றத்தில் புடவை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்.

"தாயே, இந்தப் படத்தில் அரக்கன் யார்?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. கட்டத்துக்குக் கட்டம் விரலை வைத்துக்கொண்டே போனாள். "இதோ இவன்தான். புருவத்துல வெட்டு இருக்கே. மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

பிச்சாண்டி பெருமையாக நிமிர்ந்தார்.

"வீரன் யார்?"

அவள் தலையைச் சொறிந்தாள். "இந்த மீசைக்காரரா? இல்லை, அங்கே ஒல்லியா ஒருத்தர் நிக்கறாரே, அவரா? இந்த மீன்மேல இருக்கறவரா? தெரியலையேம்மா." பிழிந்த புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

ஓர் ஆளுக்கு முதல் கட்டத்தில் போட்ட முகத்தைக் கடைசிக் கட்டம்வரை மாற்றக் கூடாது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கதைக்குள் போவார்கள். சுவர் வேலையில் முதல் பாடமே இதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தருவதே பிச்சாண்டிதான்.

"அவளுக்குப் பார்வை சரியில்லை," என்றார் அவர்.

"அரக்கனுக்கு யார் முகம் போட்டீர்?"

பிச்சாண்டி பல்லைக் கடித்தார். "என் அண்ணன் முகம். எங்களைப் பெற்ற அம்மா செத்ததை எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அஸ்தியைக்கூடக் கரைத்துவிட்டான். 'ஊர் சுத்தற பயலுக்கு என்னத்துக்குச் சொல்லணும்' என்று வாசலிலேயே மறித்துக்கொண்டு கேட்டான். பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாதவன் அரக்கன் இல்லாமல் வேறு யார்?"

"பாவிதான்," என்றார் அம்மை. அவர் குரலும் சூடாகத்தான் இருந்தது. "என் வயிறும் எரிகிறது. இந்தாரும் தூரிகை. ஒரு கட்டம் இருக்கிறது. கொன்று முடித்துவிடும். முடித்தால் சுவர் நிற்கும், நீரும் உம் வழியில் போகலாம்."

பிச்சாண்டி பிடுங்காத குறையாகத் தூரிகையை வாங்கினார். அரக்கன் மல்லாந்து விழுந்தான். வெட்டுப்பட்ட புருவமும் பிதுங்கிய கண்ணும் தம் பாட்டுக்கு வந்தன. வயிற்றுக்கு நேராக வாள் இறங்கியது. வாளைப் பிடித்த கை வந்தது, தோள் வந்தது, கழுத்து வந்தது.

அங்கே தூரிகை நின்றுவிட்டது. ஒரு கண் போட்டார், அழித்தார். மீசை போட்டார், அதையும் அழித்தார். கிண்ணத்தில் வர்ணம் காய்ந்து ஏடு கட்டியது.

தூரிகையை விசிறியடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னால் ஆகாது அம்மா. சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்."

"ஏன் ஆகாது?"

"என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன். கொல்லக் கை வரவில்லை." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அம்மை சுண்ணாம்பு வாளியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதெல்லாம் இல்லை, பிச்சாண்டி. வாள் இறங்கிவிட்டது, வீரனுக்குத்தான் முகம் வரவில்லை. இவனை விட்டால் இந்த நாட்டில் உமக்கு ஒருத்தரையும் தெரியாது."