இரண்டு வரிச் சாவு

“இளவரசன் எதற்காக இங்கே கிடக்கிறான், வாத்தியாரே? ஆங்கில மூலத்தில் பிணமே கிடையாது” என்றார் வேதாசலம்.

ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் சிமெண்ட் களம். பிற்பகல் மூன்றரை மணி, கூத்து ஒத்திகை. இளவரசன் வேஷக்காரன் பலராமன் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தான். நாற்பது வயது, தொப்பை. காலையில் பால் வண்டி ஓட்டுகிறவன்.

“அப்ப இன்னாதான் இருக்குது, சார்?” என்றார் கூத்து வாத்தியார் கோதண்டம்.

அவருக்கு முப்பத்திரண்டு வயது. வேதாசலத்துக்கு அறுபத்துநான்கு. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய ஆங்கில நாடகம் ஒன்றைக் கூத்தாக எழுதியதோடு நிற்காமல், ராஜா வேஷத்தைக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தார்.

“துரத்திவிட்ட மகன் எல்லையில் செத்துப்போனான் என்று தூதன் வந்து சொல்வான். ராஜா இரண்டு வரி பேசிவிட்டு சபைக்குப் போய்விடுவார். அவ்வளவுதான்.”

“பிணம்?”

“அது நாடகத்தில் இல்லை.”

“செத்தவன் எங்கயாவது கிடக்கணுமே, சார்.”

கட்டியக்காரன் வேஷம் போடும் சொக்கன் சிரித்தான். “இங்கிலீஷ்காரன் கெட்டிக்காரன்யா. விறகு மிச்சம்.”

வேதாசலம் செய்துகாட்டினார். தூதன் சேதி சொன்னான். அவர் இரண்டு வரியையும் பிசகாமல் பாடி, ஒரு சுற்றுச் சுழன்று வெளியேறினார்.

“எப்படி?”

“தாளம் சுத்தம்” என்றார் வாத்தியார்.

டீ வந்தது. எல்லாரும் கூரை நிழலில் உட்கார்ந்தார்கள். பலராமன் வெயிலிலேயே கிடந்தான்.

“எழுந்து வாப்பா, டீ ஆறுகிறது” என்றார் வேதாசலம்.

அவன் அசையவில்லை.

“வரமாட்டான், சார்” என்றார் வாத்தியார். “எங்க கூத்து ஜமாவுல செத்தவன் தானா எழுந்திருக்கக் கூடாது. உறவா வேஷம் கட்டினவரு வந்து, தொட்டு அழுது, தூக்கணும்.”

“ஒத்திகையில்கூடவா?”

“இங்க எழுந்துட்டா ஆட்டத்தன்னிக்கும் எழுந்துடுவான்.”

“நீங்கள் சொன்னால் எழுந்திருப்பான்.”

“நான் அவனுக்கு இன்னா உறவு?”

வேதாசலம் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

“ராஜா அழக் கூடாது, வாத்தியாரே. மகனைத் துரத்தியதே அவர்தான். அழுவதற்கு அவருக்கு உரிமை இல்லை. எழுதியவன் அது தெரிந்துதான் இரண்டு வரியில் நிறுத்தினான்.”

“சேதி வந்தன்னிக்கு ராஜா எங்க போனாரு?”

“சபைக்கு.”

“நீங்க?”

போன மாதம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வேதாசலம் தானாகவே சொன்னதுதான். ஒரே மகன். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான் என்று வீட்டைவிட்டு அனுப்பினார். இரண்டு வருஷத்தில் ஓசூர் சாலையில் பைக் விபத்து. வாத்தியார் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

“முதல் மணி வகுப்பு இருந்தது” என்றார் வேதாசலம்.

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“அப்புறம்?”

“இரண்டாவது மணியும் எனக்குத்தான்.”

சொக்கன் கிளாஸைக் கீழே வைத்தான்.

“யாரு தூக்கினது?”

“அந்தப் பெண் வீட்டார்.”

“எங்க?”

“தெரியாது. எரித்தார்களா, புதைத்தார்களா என்றுகூடத் தெரியாது.”

வாத்தியார் தலையசைத்தார். மத்தளக்காரர் எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“கட்டம் இன்னும் முடியல, சார்” என்றார் வாத்தியார். “ராஜா சபைக்குப் போறதுன்னா போகலாம். நாங்க மூட்டை கட்டிடறோம். பலராமன் கிடப்பான்.”

வேதாசலம் எழுந்தார். வெறுங்காலோடு களத்தில் இறங்கினார். சிமெண்ட் சுட்டது.

பலராமனின் நெற்றியில் வியர்வை வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூடிய இமைகள் துடித்தன.

அவர் குனியப் பார்த்தார். கை பாதி தூரம் போய் நின்றது. வாய் திறந்தது. அந்த இரண்டு வரிகூட வரவில்லை.

மத்தளக்காரர் விரல்களைத் தோலின் மேல் வைத்துக் காத்திருந்தார்.

வேதாசலம் கையை இழுத்துக்கொண்டார். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தார். அரையடி நகர்ந்து, தன் நிழல் அவன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டார்.