பத்தொன்பதைக் கேட்டவள்

முதலில் கதையைக் கேளுங்கள். சண்டையைப் பிறகு போடலாம்.

கொன்றைநாட்டில் ஒரு வழக்கம். முடிசூடுபவர் ஓலையில் எழுதிய ஒரு பகா எண்ணின்மேல் கைவைத்து ஆணையிட வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் அது. எண் வகுபட்டு உடைந்தால் நாடும் உடையும் என்று நம்பினார்கள்.

முடிசூடவிருந்த அரசி அருந்தவம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எண் வேண்டும் என்றாள். "பொய்யான எண்மேல் நான் ஆணையிடாமல் காப்பவருக்கே கணக்காயர் இருக்கை" என்று வாக்கும் கொடுத்தாள். அந்த இருக்கைக்கு உரியவர் மட்டுமே கணக்கு ஏடுகள் நிறைந்த அரண்மனை எண்மண்டபத்துக்குள் போகலாம். எண் பயில வந்து அதன் வாசலிலேயே பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட உமையாள், அவையின் கடைசி வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புலவர் குணவீரர் எழுந்தார். "இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. இந்த ஏழு பகா எண்களையும் பெருக்கினால் 5,10,510. அதோடு ஒன்றைக் கூட்டினேன்: 5,10,511. ஏழில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே இது உடையாது!"

அவை ஆரவாரித்தது. அரசி ஓலைமேல் வைக்கக் கையை உயர்த்தினாள்.

உமையாளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பதினேழோடு உலகம் முடிந்துவிட்டதா? இந்த ஏழும் உடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது? இருபத்துமூன்று? அதற்கும் மேலே? அவற்றைப் பற்றி மூச்சே விடவில்லையே!"

அரசியின் கை இறங்கியது.

"அப்படியானால் உடைத்துக் காட்டு, அம்மா" என்று சிரித்தார் குணவீரர். "பானை ஓட்டை என்றால் ஒழுக வேண்டுமே?"

"உடையும் என்று நான் சொல்லவே இல்லை. உடையாது என்று நீங்கள் நிறுவவில்லை, அவ்வளவுதான்."

"வெறுங்கையோடு வழக்காட வந்திருக்கிறாள்!" என்றது ஒரு குரல். அவை சிரித்தது.

இதற்குள் தரையில் கரியால் வகுத்துக்கொண்டிருந்த வெற்றிலை வணிகன் சாத்தன் துள்ளி எழுந்தான். "தாயே! பத்தொன்பதாலே வகுபடுதே! ஈவு 26,869, மீதியே இல்லை! இந்தப் பொண்ணு வாயிலிருந்து விழுந்த முதல் எண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன். இருக்கை எனக்கு!"

குணவீரர் விடுவாரா? "எண்ணைத் தந்தவன் நான். நான் தராவிட்டால் இவர்கள் எதை உடைத்திருப்பார்கள்?"

மூவரும் அரசியைப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லுங்கள்: இருக்கை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: உமையாளுக்குத்தான். குணவீரர் தந்ததே பொய் எண். அதிலிருந்து காப்பதற்கு வைத்த பரிசை அவரே கேட்பது எந்த ஊர் நியாயம்? சாத்தன் சொன்னது உண்மை, அவனுக்கு மாலை போடுங்கள். ஆனால் அவன் வாய் திறக்கும் முன்பே அரசியின் கை இறங்கிவிட்டது. பத்தொன்பதில் மீதி வந்திருந்தால் அவன் கரியைப் போட்டுவிட்டு வெற்றிலை விற்கப் போயிருப்பான். உமையாளின் கேள்வியோ அப்போதும் பதிலின்றி நின்றிருக்கும். அரசியும் அப்படித்தான் தீர்த்தாள். உண்மையான பகா எண்ணைத் தேடி உமையாள் எண்மண்டபத்துக்குள் போனாள். அவள் வெளியே வரும்வரை கொன்றைநாட்டின் மகுடம் காத்திருந்தது.