காளையின் காது

கேளுங்கள் மக்களே. மலைகள் பலவும் இன்னும் உளி காணாதிருந்த காலத்தில் மருதநாட்டை ஒரு மன்னன் ஆண்டான். கோயில் சிலையை ஊனமாக்கிய சிற்பி மறுபடி உளியைத் தொடக்கூடாது என்பது அவன் சட்டம். தீர்ப்புச் சொல்பவன் தலைமைச் சிற்பி எழினி.

முதல் ஆண்டு ஒருவன் உளியை இழந்தான். மறு ஆண்டு இன்னொருவன். மூன்றாம் ஆண்டு குன்றூர்ச் சிற்பி கொற்றன் மாட்டிக்கொண்டான். எண்ணெய்க் காப்புக்காகக் குன்றின்மேல் கோயிலின் கற்காளையை அவன் தேய்த்துக் கழுவியபோது, அதன் காது கையோடு வந்துவிட்டது.

எழினி வந்தான். ஊரே சுற்றி நின்றது.

"தொட்டேன், விழுந்துவிட்டது ஐயா," என்றான் கொற்றன்.

"மாம்பழம் பார், தொட்டதும் விழ," என்றான் ஊர்த்தலைவன். சிலர் சிரித்தார்கள்.

கொற்றனின் மனைவி சிரிக்கவில்லை. "இவருக்கு வேறு தொழில் தெரியாது ஐயா. பார்த்துச் சொல்லுங்கள்."

எழினி முறிவைத் தடவினான். விரலில் பிசுக்கு ஒட்டியது. மெழுகும் குங்கிலியமும் கல்பொடியும் குழைத்த பசை. என்றோ உடைந்த காதை எவனோ ஒட்டி மறைத்திருக்கிறான். எவன் அவன்?

உளித்தடத்தைப் பார்த்தான், இடக்கைக்காரன் வெட்டிய சாய்வு. திமிலைப் பார்த்தான். கழுத்து மடிப்பைப் பார்த்தான். மூச்சு விடுவது போலிருந்தது. பிறகு உளி பிடித்துப் பழகிய தன் இடக்கையைப் பார்த்தான்.

பத்தொன்பது வயதில், குடமுழுக்குக்கு முந்தின நாள், ஆசானுக்குப் பயந்து அவனே ஒட்டிய காது அது. பயம் தீர்ந்ததும் காளையையே மறந்துவிட்டான். இத்தனை உயிருள்ள கழுத்தை இன்று அவனால் செதுக்க முடியுமா? தெரியவில்லை. அந்தக் கழுத்தும் அவனுடையது. அந்தப் பொய்யும் அவனுடையது.

பசையைத் துடைத்துவிட்டால் போதும். அடிபட்டு முறிந்தது என்றால் போதும். தலைமைச் சிற்பியை யார் கேட்கப்போகிறார்கள்?

"என்ன ஐயா, உளியைப் பிடுங்கிவிடலாமா?" என்றான் ஊர்த்தலைவன்.

"பிடுங்கலாம்," என்றான் எழினி.

கொற்றனின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

எழினி தன் இடுப்பிலிருந்த உளியை உருவிக் காளையின் முன்னால் வைத்தான். "முப்பது ஆண்டுக்கு முன் இதை உடைத்தவன் நான். ஒட்டி மறைத்தவனும் நான்."

கொற்றன் மெல்லக் கேட்டான்: "அரசருக்காக நீங்கள் கட்டும் கோயில் பாதியில் நிற்கிறதே ஐயா?"

"உன்னிடம் உளி இருக்கிறதே, அப்பா," என்று சொல்லிவிட்டு எழினி வெறுங்கையோடு குன்றிலிருந்து இறங்கினான்.

பிறர் பிழையை அளக்கும் கோலாலேயே தன் பிழையையும் அளப்பவன்தான் நடுநிலையாளன்.