நரையனுக்குக் கிடைத்த பெயர்

விண்மீன்களுக்கு வாயும் வம்பும் இருந்த அந்தக் காலத்தில், வானத்தின் ஒரு மூலையில் நரையன் என்றொரு கிழ விண்மீன் இருந்தான். வெளுத்துச் சுருங்கி, இருக்கிற இடமே தெரியாத ஆள். பக்கத்தில் செவ்வந்தி என்ற பெருத்த சிவப்பு விண்மீன். கிழவனின் விளக்கு அணைந்துவிடுமே என்று இரக்கப்பட்டு, நாள்தோறும் தன் எண்ணெயில் கொஞ்சம் கொடுப்பாள்.

ஒளி கூடிக் குறைகிறவர்களை நிலா வரிசை பிரித்து உட்கார வைப்பது அப்போதைய வழக்கம். உப்பி உப்பி வடிகிறவர்கள் ஒரு வரிசை. ஒருவரையொருவர் மறைத்து மங்குகிறவர்கள் இன்னொன்று. நரையனை எதற்கும் யாரும் கூப்பிடவில்லை. அதுகூட அவனுக்குப் பெரிதில்லை. கீழே கடற்கரையில் உலகம்மை என்று ஒருத்தி, கணவனின் படகு திரும்பும்வரை ஒவ்வொரு விண்மீனாகப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பாள். நரையனை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை அவள் வாயால் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று அவன் ஏங்கினான். அவளுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? ஆசைப்பட்ட மனசு அதையெல்லாம் யோசிக்குமா!

செவ்வந்தி கொடுத்ததை விளக்கில் ஊற்றாமல் சேர்த்தான். ஊர்ப்பட்ட எண்ணெய் சேர்ந்ததும், ஒரு மாலை அத்தனையையும் கொளுத்திவிட்டான். செவ்வந்தியே கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

உலகம்மை எழுந்து நின்றாள். அப்போதுதான் கரையேறிய கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அங்க பாருங்க. நேத்துவரைக்கும் அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. புதுசா ஒண்ணு பொறந்திருக்கு."

நரையன் நொறுங்கிப்போனான். தான் பிறந்தபோது அவள் கடலே பிறக்கவில்லை என்று கத்திப் பார்த்தான். அவ்வளவு தொலைவுக்கு வெளிச்சம் எட்டியது, குரல் எட்டவில்லை. கொஞ்ச நாளில் வெளிச்சமும் வடிந்தது. உலகம்மை சில மாலைகள் தேடிவிட்டு, பழையபடி அவனைத் தாண்டிப் போனாள்.

பிறகு நிலா வந்தாள். "நீ உப்புறவனா, மறையிறவனா?"

"ரெண்டும் இல்ல. சேத்து வெச்சு எரிஞ்சவன்."

ஒளி மாறுகிறவர்கள் நடுவில் அவனுக்கென்று ஒரு புது வரிசை போட்டாள் நிலா. அதில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மறுநாள் செவ்வந்தி வழக்கம்போல எண்ணெயை நீட்டினாள். அவன் வாங்கி, ஊற்றாமல் ஓரமாக வைத்தான்.

அன்று தொடங்கித்தான் நரைத்த விண்மீன்கள் சில, துணையிடம் வாங்கிச் சேர்த்துத் திடீரென்று எரிகின்றன. வானியலாளர்களும் அவர்களை ஒளி மாறும் விண்மீன்களிடையே தனி வகையாக வைத்து, இத்தனை கிழவர்களைப் போய் 'நோவா', அதாவது புதியவர்கள், என்று கூப்பிடுகிறார்கள்.