பத்தொன்பது பேரின் பெயர்

“என் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. அது போதும்” என்றாள் அரசி.

அக்கரையம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்தலில் தொங்கிய புடலம்பிஞ்சு வளையாமல் நீளட்டும் என்று அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள். அரசியைவிட ஏழு வயது இளையவள். அவளிடம் ஒரு கேள்வியோடு போனவர்கள் வேறொரு கேள்வியோடு திரும்புவார்கள் என்று ஆற்றின் இரு கரையிலும் பேச்சு.

“அரண்மனையில கூப்பிட ஆளில்லையா?”

“சட்டம் இருக்கே.”

இருந்தது. தென்குன்ற நாட்டில் முடி சூடியவரின் பெயரை அன்றிலிருந்து யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தவர் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும். திரும்பி வர முடியாது. அதனால் கதையும் அந்தப் பெயரை இப்போதைக்குச் சொல்லாது.

அரசி முடி சூடியது பதினாறு வயதில். நாற்பத்தாறு வருஷம் ஆயிற்று. பெயர் வைத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்த ஒரே அண்ணனும் போன தை மாதம் கண்ணை மூடினான். கடைசி மூச்சிலும் அவன் “மகாராணி” என்றுதான் சொன்னான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பிட்ட வட்டிலைத் தானே கழுவுவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள், மோதிரத்தைத் திருகுவாள். மந்திரிகள் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டு விரலைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. தினமும் குளிக்கும்போது, முதல் குடத்தைத் தலையில் கவிழ்க்கும் அந்த நொடியில், தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே நிற்கும் தோழிக்குக் கேட்காது.

“தோழிகிட்ட சொல்லிப் பார்த்தேன். கூப்பிடுடின்னேன், அழுதா. அதட்டினேன், மயங்கி விழுந்துட்டா.”

“அதட்டிக் கூப்பிட வச்சா அது கூப்பிடறதாகுமா?”

“ஆகாது. அதான் இங்க வந்தேன். இது என் மண்ணில்ல, நீங்க என் குடியுமில்ல. உங்களுக்கு என்ன பயம்? கிட்ட வாங்க, காதுல சொல்றேன்.”

“வேண்டாம். தெரியும்.”

“எப்படி?”

“ஒரு பேரைச் சொல்லக் கூடாதுன்னா முதல்ல அது தெரிஞ்சிருக்கணுமே.”

கரையில் நின்ற ஓடக்காரன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

“அப்போ கூப்பிடுங்க.”

அக்கரையம்மா அடுத்த கல்லை எடுத்தாள். “நீ முடி சூடின அன்னைக்கு உன் நாட்டில அதே பேரோட எத்தனை பொண்ணுங்க இருந்தாங்க?”

அரசி மோதிரத்தைத் திருகினாள்.

“தெரியாது.”

“தெரிஞ்சுக்கிட்டு வா.”

*

சுவடி அறையில் தூசி தட்டி எடுத்தார்கள். ஒரே ஒரு ஓலை. அரசியின் பெயரையே கொண்டிருந்த பத்தொன்பது பேர். ஊர், வயது, மாற்றி வைத்த பெயர். பதினெட்டு வரி வரைக்கும் அப்படித்தான். கடைசி வரியில் மாற்றுப் பெயர் இல்லை.

‘ஒன்பது வயது. மறுத்தாள். அக்கரை.’

அரசி அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மோதிரத்தைக் கழற்றி வைத்தாள்.

“வண்டியைப் பூட்டச் சொல்லுங்க. பதினெட்டுப் பேரையும் பார்க்கணும்.”

“மகாராணிக்கு முழங்கால் வலி” என்றார் மந்திரி. “ஆள் அனுப்பலாமே?”

“ஆள் அனுப்பித்தான் அவங்க பேரைப் பிடுங்கினோம். பார்க்க நானே போறேன்.”

மூன்று மாதம் போனாள். பன்னிரண்டு வீடுகளில் அவள் தேடியவர்கள் இல்லை. இறந்தபோதும் மாற்றுப் பெயரைச் சொல்லித்தான் அழுதோம் என்றார்கள் பிள்ளைகள். அம்மாவுக்கு வேறு பெயர் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

உப்பளத்தில் ஒருத்தி கிடைத்தாள். கையில் உப்பு வாரும் பலகை, தலையில் முண்டாசு.

“எனக்குச் செல்லக்கிளின்னு மாத்தினாங்க. ரெண்டு வருஷம் யார் கூப்பிட்டும் நான் திரும்பலை. காது செவிடுன்னு நினைச்சு எங்கம்மா தினம் எண்ணெய் காய்ச்சி ஊத்தினா.” விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எனக்கும் பேரு போச்சு” என்றாள் அரசி.

சிரிப்பு நின்றது.

“உனக்குப் பதிலுக்கு மணிமுடி கிடைச்சுது, ஆத்தா. எனக்கு எண்ணெய்தான் கிடைச்சுது.”

காவலன் ஈட்டியை இறுக்கிப் பிடித்தான். அரசி அவனை வண்டிக்கு அனுப்பினாள்.

“என்னோட ஆத்தங்கரைக்கு வர்றியா?”

“இந்தப் பாத்தி பூரா வாரணும்.”

“இன்னொரு பலகை இருக்கா?”

பொழுது சாய்வதற்குள் பாத்தி முடிந்தது. அரசியின் உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. செல்லக்கிளி அதற்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

*

உயிரோடிருந்த ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். அன்று காலை அரசி சபையைக் கூட்டி, இனி அந்தச் சட்டம் இல்லை என்றாள். சட்டம் எழுதிய ஓலையை அடுப்பில் வைத்து, அதில் குளிக்க வெந்நீர் போட்டாள்.

ஓடக்காரன் தலையைச் சொறிந்தான். “ஆறு கிழவிங்க, ஒரு மகாராணி. ஓடம் தாங்காதுங்களே.”

“ஏழு கிழவிங்கன்னு சொல்லு. தாங்கும்.”

தாங்கியது.

அக்கரையில் மற்றவர்களை ஓடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு அரசி மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். பந்தலடியில் அக்கரையம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நாற்பத்தாறு வருஷமாக இந்தக் கரையில் அவளுக்கு அந்த ஒரு பெயர்தான், அக்கரையம்மா. ஒன்பது வயதில் அவள் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு வந்த பெயரை இங்கே யாரும் கேட்கவுமில்லை, கூப்பிடவுமில்லை.

சத்தத்தை மறைக்க இங்கே குடத்துத் தண்ணீர் இல்லை. ஆறுகூட அன்றைக்குச் சலசலக்காமல் போய்க்கொண்டிருந்தது.

அரசி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“பவளாயீ!”

அக்கரையம்மாவின் கையிலிருந்த கல் நழுவி விழுந்தது.

“என்னா?” என்று திரும்பினாள், யாரோ விளையாட்டுக்கு நடுவில் கூப்பிட்டதுபோல.

“என்னா?” என்றது ஓடத்திலிருந்து ஒரு குரல்.

“என்னா?” “என்னா?” முன்னும் பின்னுமாக ஆறு குரல்கள்.

அரசிக்கு ஒரு கணம் எந்தப் பக்கம் திரும்புவதென்றே தெரியவில்லை.

பிறகு அவளும் வாயைத் திறந்தாள்.

“என்னா?”